மலைநாட்டு எழுத்தாளரின் பயிற்சிக்கூடங்கள்

கொழுந்து பறிப்பதற்குப் பழக்கிவிட ஆள் உண்டு. கவ்வாத்து வெட்டுவதற்குப் பழக்கிவிட ஆள் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையிலே இலையை வாட்டுவதற்கும், அரைப்பதற்கும், அதன் மணம் அறிந்து பதம் பார்ப்பதற்கும் முறையான பயிற்சி உண்டு. ஆனால், பகலெல்லாம் மலையேறி உழைத்துவிட்டு, இரவிலே மண்ணெண்ணெய் விளக்கின் முன் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு கதை எழுத உட்கார்ந்த ஒருவருக்கு, அத்தொழிலைப் பழக்கிவிட்டவர் யார்? அவர் எழுதியதைப் படித்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொன்னவர் யார்? தம்மைப்போல் எழுதுகின்ற இன்னொருவரை அவர் எங்கே சந்தித்தார்? மலைநாட்டுத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை இந்தக் கேள்விகளின் வழியே நோக்கினால், நூல்களின் பெயர்ப்பட்டியலில் தோன்றாத பல செய்திகள் தெளிவாகும்.

ராகலையை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகக் கிழக்கே செல்லும் பாதையில், நாற்புறமும் தேயிலை சூழ அமைந்திருக்கும் சிறு நகரம் அது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவைத் தொட்டு ராகலை வரையில் ஒரு குறுகிய இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டளவிலே போடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுசெல்வதற்காகவும், அரிசியையும் உரத்தையும் மேலே கொண்டுவருவதற்காகவும் அமைந்த பாதை அது. 1940களில் அது மூடப்பட்டுவிட்டது. அதன் பின்னர் ராகலைக்கும் வெளியுலகுக்கும் உள்ள தொடர்பு, வளைந்து செல்லும் மோட்டார்ப் பாதை ஒன்றே என்றாயிற்று. கொழும்பிலே ஓர் இலக்கியக் கூட்டம் நடைபெற்றால், ராகலையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த இளைஞர் அதற்குச் சென்று திரும்ப ஒருநாட் சம்பளத்தையும், சில வேளைகளில் இருநாட் சம்பளத்தையும் இழக்கவேண்டியிருந்தது.

பாதையின் தூரத்தைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. தோட்டம் என்பது தனியார் நிலம். வெளியார் உள்ளே வருவதற்கும், உள்ளிருப்போர் கூட்டம் கூடுவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் இல்லை. வெளியிலிருந்து வரும் கடிதமும் பத்திரிகையும் தப்பால் பையிலே தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே லயத்தை அடைந்தன. பத்திரிகைக்குக் கதை அனுப்பியவருக்கு ஆசிரியரிடமிருந்து பதில் வந்தால், அப்பதிலை அவர் பார்க்குமுன் அலுவலகம் பார்த்திருக்கும். இத்தகைய சூழலிலே எழுத்தாளர் ஒருவர் உருவானார் என்றால், அவருக்குக் கைகொடுத்தவர் எவரேனும் இருந்திருக்கவேண்டும்.

இச்சமூகத்துக்குப் பயிற்சி என்பது புதிதன்று. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளைத் தோட்டங்கள்தோறும் ஆடி வந்தனர். கூத்தைப் பழக்குவதற்கு ஒரு வாத்தியார் இருப்பார். இளைஞர் அவருக்குப் பின்னாலே நின்று பாடிப் பாடி, பாட்டையும் ஆட்டத்தையும் கற்றுக்கொள்வர். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் தாயிடமிருந்து மகளுக்கு வந்தன. வாய்மொழிக் கவிஞனுக்கு ஆசானும் இருந்தார், சபையும் இருந்தது. எழுத்துக்கு வந்தபோதுதான் இவ்விரண்டும் இல்லாமற் போயின. 1869ஆம் ஆண்டிலே ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சேறியது. தோட்ட வாழ்வைப் பற்றி மிக முற்பட அச்சேறிய தமிழ் நூல்களுள் ஒன்றாக அதனைக் கூறுவர். கோப்பிப் பயிரின் சிறப்பை அது பாடிற்று. அதனைத் தொடர்ந்து உடனடியாக ஒரு பரம்பரை எழவில்லை. ஒரு நூல் தனியே தோன்றினாற் போதாது, அதனை அடுத்து எழுதுபவரை ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு வேண்டும் என்பதை அதுவே காட்டுகின்றது.

அத்தகைய ஏற்பாட்டை முதலில் ஏற்படுத்த முயன்றவர் கோதண்டராம நடேசய்யர். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த அவர், துணி வியாபாரியைப்போல வேடந்தாங்கித் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை அவர் நடத்தினார். 1931இல் அட்டனைத் தளமாகக்கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களிலே பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். அவர் இயற்றிய பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வெளிவந்தன. அச்சு, மேடை, பாட்டு ஆகிய மூன்றையும் ஓரிடத்திற் சேர்த்தமையே நடேசய்யர் தம்பதியர் செய்த பெரும்பணி. ஒரு தொழிலாளி தம் குறையைப் பத்திரிகையில் எழுதலாம், எழுதினால் அது அச்சாகும் என்ற நம்பிக்கையை அவர்கள் உண்டாக்கினர். எழுத்தாளருக்கு வேண்டிய முதற் பாடம் அந்த நம்பிக்கையே. எனினும், 1947ஆம் ஆண்டு நவம்பரில் நடேசய்யர் மறைந்தபோது, அந்தப் பணியை அதே வகையில் ஏற்று நடத்த ஒருவர் இருக்கவில்லை. அடுத்த ஆண்டிலே வந்த பிரசாவுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது.

இதற்கிடையே கொழும்பிலே இரு நாளிதழ்கள் தோன்றியிருந்தன. 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் 'வீரகேசரி'யைத் தொடங்கினார். 1932இல் 'தினகரன்' வெளிவந்தது. தமிழ்நாட்டிலே 'மணிக்கொடி'யைத் தோற்றுவித்த மூவருள் ஒருவரான வ.ரா. சில காலம் வீரகேசரியின் ஆசிரியராகப் பணியாற்றினார். எழுத்தாளர் ஒருவரையொருவர் தேடிக் கூடுதல் அக்காலத்தின் போக்காகவே இருந்தது. இலண்டனிலே 1921இல் பென் என்னும் எழுத்தாளர் கழகம் தொடங்கியது. 1936இல் இலக்னோவிலே இந்திய முற்போக்கு எழுத்தாளர் கூடினர். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அமைந்தது. நகரங்களில் இவை நடந்துகொண்டிருக்க, தேயிலை மலைகளில் எழுதியவர் ஒவ்வொருவரும் தனித்தனித் தீவாகவே இருந்தார்.

மடகொம்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இதற்குச் சான்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர் அவர். தோட்ட வாழ்வைப் பற்றிய தமது நீண்ட கவிதையை அவர் ஆங்கிலத்திலேதான் எழுதினார். 1954இல் அது வெளிவந்தது. சக்தீ பால ஐயா அதனைத் தமிழாக்கிய நூல் 1969இல் வந்தது. தேயிலைச் செடியின் கீழே வாழ்ந்து மடிந்தோரைப் பற்றிய பாட்டு, அவர்களுடைய மொழிக்கு வந்துசேரப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. ஆயினும், சி.வி. தாம் தனியே நின்றுவிடவில்லை. தொழிற்சங்கப் பணியின் நடுவே தோட்டம் தோட்டமாகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். 'மாவலி' என்ற சஞ்சிகையை நடத்தினார். இளைய எழுத்தாளர் பலருக்கு மூத்தவராக நின்றார்.

1960களிலே நிலைமை மாறத் தொடங்கிற்று. மலைநாட்டு இளைஞரிடையே கல்வி கற்றோர் தொகை பெருகியிருந்தது. அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியிலே இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் மாணவரிடத்தே சமூக உணர்வையும் இலக்கிய ஆர்வத்தையும் ஒருங்கே ஊட்டினர். கண்டியிலே மலைநாட்டு நல்வாழ்வு வாலிபர் சங்கத்தினர் 'மலைமுரசு' என்னும் சஞ்சிகையை வெளியிட்டனர். க. ப. சிவமும் மு. கு. ஈழக்குமாரும் அதன் ஆசிரியர்களாக உழைத்தனர். தினகரனில் க. கைலாசபதி ஆசிரியராக இருந்த காலத்திலே, அந்தந்தப் பிரதேசத்தின் வாழ்வை அந்தந்தப் பிரதேசத்தின் மொழியிலேயே எழுதவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. லயத்துப் பேச்சை எழுத்திற் கொண்டுவரத் தயங்கியவருக்கு அது பெருந்துணை ஆயிற்று.

வீரகேசரியிலே 'தோட்ட மஞ்சரி' என்ற பகுதி வந்தது. எஸ். எம். கார்மேகம் அதனைக் கவனித்தார். தோட்டத்துச் செய்திகளுக்கென ஒரு பக்கம் இருந்தமையால், அங்கிருந்து எழுதுவோரின் பெயர்களும் ஊர்களும் ஓரிடத்திலே தெரியவந்தன. ராகலையில் இருப்பவர் பதுளையில் இருப்பவரின் பெயரையும், பதுளையில் இருப்பவர் மாத்தளையில் இருப்பவரின் பெயரையும் பத்திரிகையிலே கண்டறிந்தனர். எழுதுவோர் தம் பெயரோடு ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கே சிறப்பாக நிலைபெற்றது. மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, தெளிவத்தை ஜோசப் என்றவாறு பெயர்கள் வழங்கின. ஊவாக் கட்டவளைத் தோட்டத்திலே பிறந்த ஜோசப், தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன்னே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு விலாசம் இல்லாத ஒரு சமூகத்தின் எழுத்தாளர், தம் பெயரையே விலாசமாக்கிக்கொண்டார் எனலாம்.

பின்னர் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் அமைந்தது. அம்மன்றத்தின் ஆதரவோடு வீரகேசரி தோட்டப்பகுதி எழுத்தாளருக்கென்று நான்கு சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. போட்டி என்றால் பரிசு ஒன்றே நினைவுக்கு வரும். இங்கே பரிசைவிடப் பெரிய பயன்கள் இருந்தன. முதலாவது, கதை அனுப்புவதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. எழுத நினைத்து எழுதாமல் இருந்தவர்களை அது எழுதவைத்தது. இரண்டாவது, தகுதியறிந்த நடுவர் கதையைப் படித்தனர். மூன்றாவது, பரிசு பெற்ற கதை அச்சேறியதும் பெறாதவர் அதனைப் படித்து, தம் கதையின் குறையைத் தாமே கண்டறிந்தனர். நான்காவது, கூட்டத்துக்கு வர இயலாதவருக்கும் தப்பால் பெட்டி திறந்திருந்தது. மாலை நேரக் கூட்டத்துக்குத் தனியே செல்ல முடியாத பெண்களுக்கு, எழுத்துலகின் வாயில் பெரும்பாலும் அஞ்சலிலேயே இருந்தது. நான்கு போட்டிகளிலும் பரிசு பெற்ற பன்னிரண்டு கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. தோட்டப்புறத்திலே சிறுகதை ஆசிரியர் ஒரு கூட்டமாக இருக்கின்றனர் என்பதை நாட்டுக்குக் காட்டிய தொகுப்பு அது.

வானொலியின் பங்கையும் இங்கே கூறவேண்டும். பத்திரிகை நுழையாத லயத்திலும் வானொலியின் குரல் கேட்டது. சானா எனப்பட்ட சண்முகநாதன் இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த காலத்திலே, புதியவர் பலர் நாடகம் எழுதப் பழகினர். என். எஸ். எம். இராமையா எழுத்துலகுக்கு வந்ததே வானொலி நாடகத்தின் வழியாகத்தான். வானொலிக்கு எழுதுபவர் வருணனையை நம்பியிருக்க இயலாது. பாத்திரம் பேசும் பேச்சிலேயே அவரது வயது, தொழில், மனநிலை அனைத்தும் புலப்படவேண்டும். குறித்த நிமிடத்துக்குள் கதை முடியவேண்டும். இந்தக் கட்டுப்பாடு இராமையாவின் சிறுகதைக்கு உரமாயிற்று. 1961இல் தினகரனில் வெளிவந்த அவருடைய 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்து நிறுக்கும் இடத்தையும், அங்கே எழும் மானப் பிரச்சினையையும், அம்மக்களின் பேச்சையும் கண்முன்னே நிறுத்தியது. மலைநாட்டுச் சிறுகதைக்கு ஒரு திருப்புமுனை என்று அதனைத் திறனாய்வாளர் போற்றுவர்.

ஆனால், பயிற்சி பெற்றவர் எல்லோரும் எழுத்தினால் வாழ்ந்தனரா என்றால் இல்லை. மலைநாட்டு எழுத்தாளர் எவருக்கும் எழுத்து சோறு போட்டதாகக் கூற இயலாது. அவர்கள் ஆசிரியராகவும், கணக்கராகவும், தொழிற்சங்கப் பணியாளராகவும், தோட்டத் தொழிலாளராகவும் வாழ்ந்தனர். குறிஞ்சித் தென்னவன் தோட்டத் தொழிலாளியாக உழைத்துக்கொண்டே கவிதை பாடினார். சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலையிலே பணிபுரிந்துகொண்டே நடேசய்யரைப் பற்றியும் சி.வி.யைப் பற்றியும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார்.

நூல் வெளியிடுவது அதனினும் கடினம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்ற நாவல் 1964இல் சென்னையிலேதான் அச்சேறியது. இராமையாவின் கதை பத்திரிகையில் வந்து பத்தொன்பது ஆண்டுகள் சென்ற பின்னரே, 1980இல், அவருடைய தொகுதி நூலாக வந்தது. அதனை வெளியிட்டவர் மு. நித்தியானந்தன். தாம் நடத்திய 'வைகறை' வெளியீட்டின் வாயிலாக 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980இல் இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', 1981இல் சி.வி.யின் 'வீடற்றவன்' என்று ஆண்டுக்கொன்றாக மூன்று நூல்களை அவர் கொணர்ந்தார். இம்மூன்றும் இன்றி மலைநாட்டு இலக்கியத்தைப் பற்றிப் பேச இயலாது. தனியொருவரின் முயற்சியிலே மூன்று ஆண்டுகளில் இது நடந்தது, அம்முயற்சி நீடிக்கவில்லை.

இங்கேதான் வரலாறு ஒரு வருத்தமான உண்மையைக் கூறுகின்றது. மலைநாட்டிலே தோன்றிய ஒவ்வொரு பயிற்சிக்கூடமும் ஓரிருவரின் தோளிலே நின்றது. அவர்கள் விலகியபோது கூடமும் சரிந்தது. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகியோர் செய்த ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கவேண்டும் என்றும் முடிவாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் கப்பலேறினர். அவர்களோடு வாசகரும் சென்றனர், எழுதுவோரும் சென்றனர். இர. சிவலிங்கமும் எஸ். எம். கார்மேகமும் பிற்காலத்திலே தமிழ்நாட்டுக்குச் சென்றனர். ஒரே சஞ்சிகையில் எழுதிய இருவரில் ஒருவர் நீலகிரியிலும் மற்றவர் நுவரெலியாவிலும் வாழ நேர்ந்தது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே வீடுகளோடு கையெழுத்துப் பிரதிகளும் பத்திரிகை நறுக்குகளும் அழிந்தன. நூலாகாத கதை அச்சிட்ட தாளோடு மறைந்துபோகும். அடுத்து எழுத வருபவர், தமக்கு முன்னே எவரும் எழுதவில்லை என்று எண்ணி, பழைய தொடக்கத்திலிருந்தே மீண்டும் தொடங்கவேண்டியவராவார்.

இந்த இழப்பை உணர்ந்தவர்கள் பிற்காலத்திலே பழையவற்றைத் தேடித் தொகுக்க முற்பட்டனர். 1980களின் தொடக்கத்திலே 'தீர்த்தக்கரை' என்னும் சஞ்சிகை சில இதழ்களே வெளிவந்தபோதிலும், தரமான கதைகளைத் தந்தது. அந்தனி ஜீவா 'கொழுந்து' என்னும் சஞ்சிகையை நடத்தியதோடு, மலையக வெளியீட்டகத்தின் வாயிலாக நூல்களையும் வெளியிட்டார். வணிகரான துரை விஸ்வநாதன் தம் 'துரைவி' பதிப்பகத்தின் சார்பிலே 1997இல் 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் இரு பெருந்தொகுப்புகளை வெளியிட்டார். அவற்றுக்குரிய கதைகளைப் பழைய பத்திரிகைகளிலிருந்து தேடித் திரட்டியவர் தெளிவத்தை ஜோசப். சிறுகதை எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், பிறர் எழுதிய கதைகளைத் தேடி அலைந்து ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டார். 2000ஆம் ஆண்டிலே மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022இல் அவர் காலமானார்.

இவ்வரலாற்றிலிருந்து தெரியவருவன சில. தனித்து எழுதுபவருக்கு வேண்டியவை ஐந்து: எழுதியதை வெளியிட ஒரு பக்கம், அதனைப் படித்துக் குறைநிறை கூற ஒரு மூத்தவர், ஒத்த மனத்தினரைச் சந்திக்க ஒரு நாளும் இடமும், கதை நூலாவதற்கு ஒரு வழி, முன்னோர் எழுதியதைக் காத்துவைக்க ஒரு பெட்டகம். மலைநாட்டிலே இவ்வைந்தும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு இடங்களில் இருந்தன. ஐந்தும் ஒருங்கே, நீண்ட காலம் இருந்ததில்லை.

இன்று நிலைமை முன்போல இல்லை. தோட்டப் பாடசாலைகளை 1970களிலிருந்து அரசாங்கம் பொறுப்பேற்றது. பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்து, மலைநாட்டு இளைஞர் பலர் ஆசிரியராயினர். ராகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் பல்கலைக்கழகம் செல்வோர் உளர். கடிதம் தப்பால் பையிலே காத்துக் கிடக்கவேண்டியதில்லை. ஆயினும், எழுதியதை நாணயமாகப் படித்துக் குறை சொல்லும் மூத்தவர், தூரம் குறைந்தமையால் மட்டும் தோன்றிவிடமாட்டார். அவரைத் தேடவேண்டும், அவருக்கு ஓர் இருக்கை தரவேண்டும்.

அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பாடசாலை மண்டபத்தைத் திறந்துவிடலாம். பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்பும் வண்ணம் நேரத்தை அமைக்கலாம். வந்தவர் ஒவ்வொருவரும் தாம் எழுதியதில் ஒரு பக்கத்தைப் படிக்க, மற்றவர் கேட்டுக் கருத்துரைக்கலாம். ஊரிலே எழுதியவர்களின் பழைய நறுக்குகளைச் சேர்த்து நூலகத்தின் ஓர் அலுமாரியில் வைக்கலாம். அந்த அலுமாரியின் திறப்பு ஒருவரிடம் மாத்திரம் இராமல் மூவரிடம் இருக்கவேண்டும். ஒருவர் மாற்றலாகிச் சென்றாலும் மற்றவர் திறப்பர். நடேசய்யர் காலந்தொட்டு இன்றுவரை மலைநாட்டு எழுத்தாளர் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் இதுவே.